மஞ்சள் விற்பனை: குடியானவர் கவனிக்க வேண்டிய நான்கு அங்கங்கள்

பயிரிடுவதில் தேர்ச்சி பெற்ற குடியானவர் பலர், விற்பனையில் போதிய சிரத்தை கொள்வதில்லை. பத்து மாத உழைப்பின் பலன் களத்துமேட்டில் ஒரே நாளில் கைமாறிவிடுகிறது. சிறிய நிலமுடையவரும் ஒரு வியாபாரியே என்பதை உணரவேண்டும். வியாபாரத்திற்குச் சரக்கு, விலை, இடம், நற்பெயர் என நான்கு அங்கங்கள் உண்டு. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சளை உதாரணமாகக் கொண்டு அவற்றை விளக்குவோம்.

1. சரக்கு.— வெட்டிய மஞ்சளைத் தாமதமின்றி வேகவைத்து, சுத்தமான களத்தில் உலர்த்தவேண்டும். ஏறக்குறைய ஐந்து பங்கு பச்சை மஞ்சள் காய்ந்து ஒரு பங்காகும். நன்றாய்க் காய்ந்ததை ஒடித்தால் ‘டக்’கென்று ஓசை கேட்கும். ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது. விரலியையும் கிழங்கையும் தனித்தனியே பிரித்து மூட்டையிடுக. இரண்டையும் கலந்து வைத்தால் வாங்குவோர் தாழ்ந்த ரகத்தைக் கொண்டே முழுக் குவியலையும் மதிப்பர்.

ஈரத்தோடு விற்றால் எடை கூடும் என்று சிலர் எண்ணுவர். நூற்றுக்குப் பதினைந்து ஈரமுள்ள 100 கிலோவைப் பத்து ஈரத்திற்கு உலர்த்தினால் சுமார் 94½ கிலோ நிற்கும். குறைவது 5½ கிலோவே. ஆனால் ஈரச் சரக்கு பூஞ்சணம் பிடிக்குமென்று அஞ்சும் வியாபாரி, அதைவிட அதிகமாகவே விலையைத் தள்ளிக் கேட்கக்கூடும்.

2. விலை.— மார்க்கட்டு விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. களத்தில் கிலோ 100 ரூபாய்க்கும், மார்க்கட்டில் 110 ரூபாய்க்கும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை 1,500, போக்குவரத்துச் சொந்தச் செலவு 500, ஏற்று இறக்குக் கூலி கிலோவுக்கு 1 ரூபாய் எனக் கொள்க. 100 கிலோவை ஒருவர் தனியே கொண்டு சென்றால் 11,000 ரூபாயில் 2,100 செலவு போக 8,900 மிஞ்சும். களத்திலேயே 10,000 கிடைத்திருக்கும். ஆகையால் 1,100 ரூபாய் நஷ்டம். அவ்வாறே 100 கிலோ உடைய ஐவர் கூடி ஒரே வண்டியில் ஏற்றி, ஒருவரை அனுப்பினால், 55,000 ரூபாயில் 2,500 செலவு போக 52,500 நிற்கும். தலைக்கு 10,500, அதாவது 500 ரூபாய் லாபம். சரக்கும் மார்க்கட்டும் ஒன்றே. கூட்டு முயற்சியே நஷ்டத்தை லாபமாக்கிற்று.

3. இடம்.— சென்னை மாகாணத்தில் 1933-ம் வருஷத்தில் வாணிபப் பயிர் மார்க்கட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதலாவது மார்க்கட்டு ஏற்பட்டது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அவ்வழி வந்தவையே. அங்கே வியாபாரிகள் ஒருவர் கேட்பதை மற்றவர் அறியாவண்ணம் விலை எழுதித் தருவர். உயர்ந்த விலை அறிவிக்கப்படும். அது திருப்தியில்லையெனில் விற்பவர் மறுக்கலாம். விலை தாழ்ந்த காலத்தில் சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறவும் வசதியுண்டு. அவசரக் கடனுக்காக அறுவடைக்கு முன்பே விலை பேசி ஒப்புக்கொள்பவருக்கு இவ்விரண்டு சௌகரியமும் இல்லாமற் போகும்.

4. நற்பெயர்.— 1937-ம் வருஷத்துச் சட்டத்தினால் ‘அக்மார்க்’ தரக்குறி ஏற்பட்டது. ‘ஈரோடு மஞ்சள்’ என்ற பெயருக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பெயரைக் காப்பது ஒவ்வொரு குடியானவருடைய கடமையாகும். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் பூசுவது உண்பவர் உடலுக்குக் கேடு, சட்டத்துக்கும் விரோதம். ஒருவர் செய்த மோசத்தால் ஊர்ச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. சிட்டா, அடங்கல் நகல்களைக் காலதாமதமின்றி வழங்குதல், அன்றாட மார்க்கட்டு விலையைச் சாவடியில் எழுதி வைத்தல், சிறு நிலக்காரரை ஒன்றுசேர்த்தல் ஆகியவற்றைச் செய்யலாம். குடியானவர்களும் அடுத்த அறுவடைக்கு முன்பே தம் ஊரில் ஒரே வண்டியில் சரக்கேற்றக்கூடிய நால்வர் ஐவரைக் கலந்து பேசி, முத்திரையிட்ட தராசில் எடை பார்த்து, ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வார்களாக.