வேகமும் தாமதமும்

இணையவழி விளையாட்டில் ஈடுபடும் மாணவ நண்பர் பலர், ஆட்டம் தடுமாறும்போதெல்லாம் "வேகம் போதவில்லை" என்று கருதிக் கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறிவிடுகின்றனர். மாறிய பின்னும் தடுமாற்றம் தீர்வதில்லை. வேகம் வேறு, தாமதம் வேறு என்பதே காரணம்.

விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று விளம்பரங்கள் கூறுவது கொள்ளளவையே. பேருந்தில் எத்தனை இருக்கைகள் என்பது, அது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது அல்லவா? நம் நகர்வைத் தெரிவிக்கும் தரவுப் பொட்டலம் மிகச் சிறியது; ஆனால் அது உடனே சென்று திரும்ப வேண்டும். இப்பயண நேரமே 'பிங்' எனப்படும்.

இதில் நம்மால் குறைக்க இயலாத பகுதி ஒன்றுண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் அமைந்த கடலடி வடம் சுமார் 3,200 கி.மீ. நீளமுடையது. சென்று திரும்ப 32 மில்லிவிநாடி ஆகியே தீரும். ஆகவே அண்மையிலுள்ள சேவையகத்தைத் தெரிவு செய்யும் வசதி விளையாட்டில் இருப்பின் அதனைப் பயன்படுத்துக.

குறைக்கக் கூடியது வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. நாம் ஆடும்போது தம்பியின் கைபேசி நூறு ஒளிப்படங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்குகிறது எனக் கொள்வோம். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். காத்திருப்பு வரிசையில் தேங்கியிருப்பது 250 கிலோபைட், அதாவது 2 மெகாபிட். கடைசியில் நிற்கும் நம் பொட்டலம் ஒரு முழு விநாடி காத்திருக்கும்! சிங்கப்பூருக்கு முப்பது முறை சென்று திரும்பும் நேரம் அது. தீப்பெட்டி வாங்க வந்தவர், கலியாணச் சாமான் பட்டியலுடன் நிற்பவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கதைதான்.

இதற்கு மருந்தாகக் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-இல் 'கோடெல்' என்னும் முறையை வெளியிட்டனர். பொட்டலங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கவனித்து, தேக்கம் நீடித்தால் சிலவற்றைக் கைவிடுவதன்மூலம் அனுப்பும் கருவியை மெதுவாக்குவது இம்முறை. இதன் வழிவந்த வசதி சில ரவுட்டர்களில் 'எஸ்.கியூ.எம்.' என்ற பெயரில் உண்டு. அதில் வேக வரம்பை உண்மை வேகத்தின் 90 விழுக்காட்டளவில் வைத்தால், வரிசை மோடத்தில் சேராது ரவுட்டரின் ஆளுகையில் இருக்கும். வசதி இல்லாதோர் ஆடும் நேரத்தில் பதிவேற்றத்தை நிறுத்தி வைக்கலாம், செலவில்லை.

வைஃபையைவிட லேன் கம்பி மேல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டாருக்கும் அவையே. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சலிடுகிறது.

சோதனை எளிது. கணினியில் பிங் ஆணையை ஓடவிட்டு, வேறொரு கருவியில் பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றுக. எண்கள் பன்மடங்கு உயர்ந்தால் குற்றம் வரிசையில்தான். திட்டத்தை மாற்றுமுன் அதனைச் சீர்செய்க.