நிகழ்வுகளின் ஒழுங்கும் வழுநீக்கலும்

மாணவர்களே, வரைவியற் பயனர் இடைமுகமுள்ள செய்நிரலில் கட்டளைகள் எப்போதும் எழுதிய வரிசையிலேயே இயங்கும் என எண்ணிவிடாதீர்கள். ஒரு கட்டளை இன்னொரு நிகழ்வைத் தூண்டினால், அந்நிகழ்வுக்குரிய கட்டளைகள் முடிந்த பின்னரே அடுத்த வரி இயங்கும்.

1998 இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 இல் இதைத் தெளிவாகக் காணலாம். (மைக்ரோசொப்ட் அதன் விருத்திச் சூழலுக்கான ஆதரவை 2008 இல் நிறுத்திவிட்டது; கற்பதற்கு அது தடையன்று.) பொரளையிலிருந்து விகாரமகாதேவிப் பூங்காவுக்குச் செல்லும் 8 மாணவரிடையே 4000 ரூபா வான் கூலியைப் பங்கிடும் செய்நிரலைப் பாருங்கள்.

போம்_லோட்
வரி 1: கூலிப்பெட்டி.உரை = 4000
வரி 2: ஆட்தொகை = 8

கூலிப்பெட்டி_சேஞ்ச்
வரி 3: பங்குப்பெட்டி.உரை = கூலி / ஆட்தொகை

பலர் 1, 2, 3 என எழுதுவர். உண்மையில் 1 முடிந்ததும் 3 இயங்கும். பெட்டியின் உரையைப் பயனர் மாற்றினாலென்ன, செய்நிரல் மாற்றினாலென்ன, சேஞ்ச் நிகழ்வு நடைபெறும். அவ்வேளை ஆட்தொகை பூச்சியம். ஆகவே இயக்கநேர வழு 11, அதாவது பூச்சியத்தால் வகுத்தல், தோன்றும்.

மஞ்சள் நிறத்தில் காட்டப்படுவது வரி 3. ஆனால் குற்றவாளி அதுவன்று! கொன்ட்ரோல், எல் விசைகளைச் சேர்த்து அழுத்தி அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். சேஞ்சுக்குக் கீழே போம்_லோட் இருக்கும். யார் அழைத்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, வரி 1 இல் எப்9 விசையால் முறிவுப் புள்ளி இட்டு, எப்8 விசையால் ஒவ்வொரு வரியாக நகருங்கள்.

சிலர் வரி 3 இற்கு முன் "ஆட்தொகை பூச்சியமாயின் வெளியேறு" எனச் சேர்ப்பர். வழுச் செய்தி மறையும். பங்குப்பெட்டியில் 500 வராது. ஏனெனில் ஆட்தொகை 8 ஆன பின்னர் கூலிப்பெட்டியில் மாற்றமில்லை. சேஞ்ச் மீண்டும் நிகழாது. செய்தியோடு தோன்றும் வழுவைவிட இப்படி ஒளிந்திருக்கும் வழுவே ஆபத்தானது. சரியான திருத்தம், வரி 2 ஐ வரி 1 இற்கு மேலே கொண்டுவருவதே.

இதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்று: போம்_லோட்டில் செற்போக்கஸ் கட்டளை இட்டால் வழு 5 தோன்றும். படிவம் அப்போது திரைக்கு வந்திராது. அக்கட்டளையை போம்_அக்டிவேற்றுக்கு மாற்றுங்கள். ஆனால் வேறு படிவத்திலிருந்து திரும்பும்போதும் அக்டிவேற் நிகழும் என்பதை மறவாதீர்கள்.

பயிற்சி: ஆட்தொகையையும் ஓர் உரைப்பெட்டியில் பெற்று, இரு பெட்டிகளின் சேஞ்ச் நிகழ்விலும் பங்கைக் கணிப்பதாயின், போம்_லோட்டில் எப்பெட்டியை முதலில் நிரப்புவீர்கள்? பயனர் ஆட்தொகையை அழித்துவிட்டால் என்ன நடக்கும்?