சோதனைக்குச் சம்மதித்தால் பணம் போய்விடுமா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். செகண்ட் ஹேண்ட் டிரக் வாங்க 28,000 டாலர் ரொக்கத்துடன் காரில் போனபோது, வேகமாக ஓட்டியதாகப் போலீஸ் நிறுத்தியது. எச்சரிக்கைச் சீட்டு கொடுத்த பிறகு, “வண்டியைப் பார்க்கலாமா?” என்றார்கள். பயத்தில் சரி என்றேன். போதைப்பொருள் பணமாக இருக்கலாம் என்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கைது செய்யவில்லை. இப்போது மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்புத் துறையான டி.இ.ஏ. பறிமுதல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நானே சம்மதித்துவிட்டதால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஹூஸ்டன்

பதில்: வேண்டியதில்லை. சோதனைக்குச் சம்மதித்ததால் பணத்தின் மீதுள்ள உரிமை போய்விடாது. ஆனால் “இந்தப் பணம் என்னுடையதல்ல” என்பதுபோல் ஏதாவது தாளில் அங்கே கையெழுத்துப் போட்டிருந்தால், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸில் உள்ள கடைசித் தேதிதான் இப்போது முக்கியம். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியுடன் உரிமைக் கோரிக்கை தாக்கல் செய்யுங்கள். கருணை காட்டும்படி மனு மட்டும் கொடுத்தால், பறித்த துறையே அதன்மீது முடிவெடுக்கும். உரிமை கோரினால் அரசு பொதுவாக 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

சிவில் பறிமுதல் வழக்கு பணத்தின் மீது நடப்பது. அதற்கு உங்களைக் கைது செய்ய வேண்டியதில்லை. என்றாலும், பணத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம். வங்கியில் பணம் எடுத்த ரசீது, வருமான வரிக் கணக்கு, டிரக் விற்பவருடன் பேசிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

சம்மதத்தை எதிர்த்தும் வாதிடலாம். அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். மறுக்கும் உரிமை உண்டென்று போலீஸ் சொல்லாவிட்டாலும் சம்மதம் செல்லும் என்பது 1973-இல் ஷ்னெக்லாத் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மிரட்டிப் பெற்ற சம்மதம் செல்லாது. எச்சரிக்கைச் சீட்டு கொடுத்த பிறகும் தக்க சந்தேகமின்றி உங்களைத் தடுத்துவைத்திருந்தால் 2015-இன் ரோட்ரிகஸ் தீர்ப்பு கைகொடுக்கும். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததைப் பறிமுதல் வழக்கிலும் சாட்சியமாக்கக் கூடாது என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே போலீஸ் கேமரா பதிவை வக்கீல் மூலம் உடனே கேளுங்கள்.

இத்தகைய வழக்குக்கு அரசு பொதுவாக வக்கீல் வைத்துத் தராது. ஆனால் பெருமளவு வென்றால், நியாயமான வக்கீல் கட்டணத்தை அரசிடமிருந்தே பெறலாம். பறிமுதல் வழக்கில் அனுபவமுள்ளவரை இந்த வாரமே பாருங்கள்.