மனையும் அவங்களே, லோனும் அவங்களே!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நம்ம பெருநகர், உத்திரமேரூர் பக்கம் மனை காட்டுகிற வேன்கள் வந்துவிடும். கொடி கட்டிய லேஅவுட், மதியம் பிரியாணி, கூடவே 'லோன் நாங்களே வாங்கித் தர்றோம், பத்திரச் செலவு இலவசம், பட்டாவும் எங்க பொறுப்பு' என்ற பேச்சு. அலைச்சல் மிச்சம்தான், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அலைச்சலை அவர்களிடம் விட்டுவிட்டு, கணக்கை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்ள சில குறிப்புகள் இதோ.

1. வேனில் தாராளமாகப் போங்கள், பிரியாணியும் சாப்பிடுங்கள். செக் புத்தகத்தை மட்டும் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். கூகுள் பே இருக்கிற போனை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பது உங்கள் வீட்டு விவகாரம்!

2. 'பத்திரச் செலவை நாங்களே கட்டிக்கிறோம், மனை என்ன விலைக்கு வரும்?' என்று சாதுவாக ஒரு கேள்வி கேளுங்கள். விலை இறங்கினால் அந்த 'இலவசம்' நம் பணம்தான். மனைக்கு எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு, லோன் செலவு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பதிவுச் செலவை நாமே போட்டுப் பார்க்கலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன்பு இது 4 ஆக இருந்தது). ஆக 6 லட்ச ரூபாய் மனைக்கு 54,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு; அதாவது வீட்டுக்காரம்மா பேரில் எழுதினால் 6,000 ரூபாய் மிச்சம்.

4. இலவசப் பதிவு என்றால் பத்திரத்தில் என்ன தொகை எழுதப் போகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கொடுத்தது 6 லட்சம், எழுதுவது கைடுலைன் மதிப்பான 2 லட்சம் என்றால் அவர்களுக்குச் செலவு குறைவு, சிக்கல் நமக்கு. பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். நாளைக்கு நாம் விற்கும்போதும் வாங்கிய விலை 2 லட்சம் என்றே நிற்கும், லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் அதற்குத் தகுந்த மாதிரி ஏறும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் இப்படி எழுதிவிட்டு, விற்கிற நேரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

5. சர்வே நம்பரை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறை தளத்தில் பார்க்கலாம். அ-பதிவேட்டில் 'ஏரி', 'வாய்க்கால்', 'மேய்க்கால்' என்றோ கோயில் பேரோ இருந்தால் அடுத்த மனையைப் பாருங்கள்.

6. நம்முடையது ஏரி மாவட்டம். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான். ஐப்பசி மழை விட்ட மறுநாள் வேன் இல்லாமல் ஒருமுறை போய், பக்கத்தில் மாடு மேய்ப்பவரிடம் 'இங்க தண்ணி நிக்குமாங்க?' என்று கேளுங்கள். வக்கீல் கருத்துக்குச் சமமான கருத்து, கட்டணம் ஒரு டீ.

7. கையில் முழுப் பணம் இருந்தாலும், உங்களுக்குக் கணக்கு இருக்கிற வங்கியில் 'இந்த லேஅவுட்டுக்கு லோன் கொடுப்பீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். டிடிசிபி அப்ரூவல், ரெரா பதிவு இரண்டும் சரியாக இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

8. அவர்கள் கொண்டு வருகிற லோன்தான் நல்ல லோன் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குவதைத் தடுக்க 1974-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே நாம்தான் விழித்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், கடன் கொடுப்பவர் எல்லாச் செலவையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று காட்டும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையும் உங்கள் வங்கியின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் செருகிய இன்சூரன்ஸ் வெளியே வரும்.

9. ரெராவில் பதிவான மனை என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 'ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் மேடம்' என்பார்கள். அடுத்த ஞாயிறும் அதே வேன் வரும்.

10. பத்திர நகலை இரண்டு நாள் முன்னாலேயே கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர் ஆதாரை வைத்துச் சரிபாருங்கள். இனிஷியல், சர்வே நம்பர், நான்கு எல்லை மூன்றும் முக்கியம். பதிவான பிறகு ஒரு எழுத்துக்கும் பிழைத்திருத்தல் பத்திரம், மறுபடி செலவு. பவர் வாங்கியவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

11. 'பட்டா எங்க பொறுப்பு' என்பதை எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். உத்திரமேரூர் கல்வெட்டில், கி.பி. 921-லேயே, குடவோலையில் பேர் போட வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் கேட்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் மனைக்குக் கணக்கு கேட்பது ஆயிரம் வருஷத்துப் பழக்கம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

12. வங்கியில் மூலப் பத்திரம் கொடுக்கும்போது பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரம் திரும்பி வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. அந்தப் பட்டியலை ரேஷன் கார்டு இருக்கிற அதே கவரில் போட்டு வையுங்கள், தேடாமல் கிடைக்கும்.