கருப்பை இறக்கமும் சிறுநீர்த் தடையும்

நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று திரும்பும் தாய்மார்களிற் சிலர், அடிவயிறு கனக்கிறதென்றும், சிறுநீர் கழித்த பின்னும் மீதி நிற்பது போலிருக்கிறதென்றும் தம்முள்ளேயே வைத்து வருந்துகின்றனர். “அடி இறக்கம்” என்று மூத்த பெண்கள் காதோடு சொல்லிக்கொள்வது இதைத்தான். ஆடவர் மிகுதியாகப் படிக்கும் பக்கத்தில் இதனை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மருத்துவமனைக்குச் செல்லும் செலவும், ஒருநாள் வேலையை விடுவதற்கான சம்மதமும் பல வீடுகளில் ஆடவர் கையில் இருத்தலால், அவர்கள் அறிந்திருப்பதே முறை என்பது நமது கருத்து.

இடுப்புக் கூட்டின் அடியில் தொட்டில் போல் விரிந்துள்ள தசைகளே கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குகின்றன. பல பிரசவங்கள், தலைச்சுமை, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் தளர்ச்சி ஆகியவற்றால் அவை நெகிழ்கின்றன. சிறுநீர்ப்பை கீழே சரியும்போது சிறுநீர் வெளியேறும் குழாய் மடிகிறது. பம்புசெட்டின் ரப்பர்க் குழாய் மடிந்தால் தண்ணீர் நிற்பதை விவசாயிகள் அறிவர். இங்கும் அதே நிலைதான். தேங்கிய நீரில் கிருமிகள் பெருகி எரிச்சலும் சுரமும் உண்டாகும். நெடுநாள் கவனியாவிடில் சிறுநீரகமும் பழுதுபடலாம். வயலில் மறைவிடமில்லையென்று தண்ணீர் குடியாமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பது இத்துன்பத்தை மேலும் வளர்க்கும்.

அறுவை ஒன்றே வழி என்ற எண்ணம் சரியன்று. பெஸ்ஸரி எனப்படும் சிலிக்கோன் வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். அது சரிந்த உறுப்புகளைத் தாங்கி நிறுத்த, மடிந்த குழாய் நிமிரும். பொருத்தியவுடன் நடந்தும் குனிந்தும், சிறுநீர் கழித்தும் பார்த்த பிறகே வீடு திரும்புதல் வேண்டும். தாமே எடுத்துக் கழுவி மீண்டும் வைத்துக்கொள்ளப் பலரும் கற்றுக்கொள்ளலாம். இயலாதவர் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லவேண்டும். மறந்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் உள்ளே புண்ணாகும். வளையம் வைத்தபின் இருமும்போது சிறுநீர் கசிந்தால் அதையும் கூசாது கூறவேண்டும்; வேறு அளவு வளையம் உதவக்கூடும்.

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விவரித்த தசைப்பயிற்சி, இறக்கம் சிறிதாயிருப்பவர்க்குப் பயன்படும். சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசையைச் சில விநாடிகள் இறுக்கித் தளர்த்துதல், பத்துப் பத்து முறையாக நாளில் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது இதனைச் செய்தல் ஆகாது. வெகுவாக வெளியே வந்துவிட்ட இறக்கத்தை இப்பயிற்சி மட்டும் ஏற்றிவிடாது.

சிறுநீர் கழித்தபின் எழுந்து நின்று, சற்றுப் பொறுத்து, முன்னே சாய்ந்து மீண்டும் முயல்வதும் நன்று, முக்குதல் கூடாது. எவ்வளவு மீதி நிற்கிறதென்பதை ஸ்கேன் மூலம் அறியலாம். வளையத்தாலும் நீங்காத தேக்கத்திற்கு, மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி நீரை வெளியேற்றும் முறையைச் செவிலியர் கற்பிப்பர்.

ஊராட்சி உறுப்பினர்கள் இத்தகைய பெண்களின் பெயரைக் கூட்டத்தில் எடுக்காமல், கிராம சுகாதாரச் செவிலியரிடம் வழிகாட்டினால் போதும்; மண் சுமக்கும் வேலையிலிருந்தும் அவர்களை மாற்றிவிடலாம். அடிவயிறு உப்பி, வலியோடு ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வந்தால், விடியட்டுமென்று காத்திராமல் அந்த இரவிலேயே 108 வண்டியை அழைக்கவேண்டும்.