ராகிக் கொல்லைப் பரண்

பெங்களூரின் தெற்கெல்லையைத் தாண்டி ஆனேக்கல் வட்டத்துக்குள் பிரவேசிப்பவர்கள், கார்த்திகை மாதத்து மாலைகளில், ராகிக் கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கும் கொல்லைகளின் ஓரத்தே பெருமரங்களின்மேல் பரண் கட்டியிருப்பதைக் காணலாம். பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரிப் பக்கம் யானைக் கூட்டங்கள் வருஷந்தோறும் இடம் பெயர்கின்ற பருவமும், ராகி அறுவடைக்கு வருகின்ற பருவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டபடியால், கொல்லைக்கு உடையவன் கதிரைக் களத்தில் சேர்க்கும் வரையில் தன் இராத்திரிகளை மரத்தின்மேல்தான் கழித்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கும் சிறிது பட்டா நிலம் உண்டாகையால், பரண் கட்டுவதிலும் அதில் விழித்திருப்பதிலும் எனக்குக் கிட்டிய அனுபவத்தை, இனிமேல் ஏறப்போகும் இளைஞர்களுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

இந்தக் கலையில் நமக்கு முன்னோடிகள் வேட்டைக்காரர்கள். பெங்களூரில் வாழ்ந்து 1974-இல் காலமான கென்னத் ஆண்டர்சன், 1954-இல் வெளிவந்த தமது முதல் நூலிலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். மரத்தில் பரண் கட்டி இரவு முழுவதும் காத்திருந்த விவரங்கள் அவர் நூல்களில் நிறைய உண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டைக் காலம் முடிந்தது. முடிந்தது நல்லதே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அவர்களுடைய பரணுக்கும் நம்முடைய பரணுக்கும் ஒரு பிரதானமான பேதம் இருக்கிறது. வேட்டைக்காரன் மிருகம் தன் மரத்தடிக்கு வரவேண்டுமென்று மூச்சை அடக்கி ஒளிந்திருந்தான். நாமோ மனிதன் இங்கே இருக்கிறான் என்பதை யானை தூரத்திலேயே அறிந்து விலகிப் போகட்டும் என்று உட்காருகிறோம். ஆகவே நமக்கு இலைத் தழையின் மறைப்பு வேண்டியதில்லை. நாற்புறமும் பார்வை ஓடும்படியான இடமும், நல்ல டார்ச்சு விளக்கும், கூப்பிட்டால் மறு குரல் கொடுக்கக்கூடிய பக்கத்துப் பரணும் வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. புளியும் ஆலும் நம்பத்தக்கவை. முருங்கையும் இலவும் சுலபத்தில் முறிபவை. நீலகிரித் தைல மரத்தின் கிளை காற்றில்லாத வேளையில்கூடத் திடீரென்று ஒடிந்து விழும். நன்றாக வளர்ந்த கொம்பன் தோளளவில் 9 அடி இருக்கும். அது துதிக்கையைத் தூக்கினால் 15 அடிக்கு மேலும் எட்டுமாகையால், பரணின் தளம் 18 அல்லது 20 அடியில் இருப்பது உசிதம். அதற்குமேல் உயர்த்துவதால் லாபம் ஒன்றுமில்லை, விழுகிற தூரந்தான் கூடும். பகலில் மரத்தைச் சுற்றி வந்து, பொந்து இருக்கிறதா, மலைத்தேனீயோ குளவியோ கூடு வைத்திருக்கிறதா, அடிமரத்தில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

போன வருஷத்துப் பரண் அப்படியே நிற்கிறது என்ற சந்தோஷத்தில் அதன்மேல் ஏறிவிடுவதே நான் கண்டவற்றுள் மிகவும் அபாயமான பழக்கம். மூங்கிலைக் கத்தியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மூங்கில் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மூங்கிலோ மந்தமாகச் சப்தித்து, கணுவின் பக்கத்துச் சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூளை உதிர்க்கும். கயிற்றில் வெளிப்புறத்தைப் பார்ப்பது போதாது. நைலான் கயிறு வெயிலில் வெளுத்துப் பொடியும். தென்னங்கயிறு மழையில் நனைந்து, கிளைக் கவட்டில் அழுந்திய உட்புறத்தில் முதலில் அழுகும். மேலும், மரம் பருப்பதால் இறுகிய கட்டு பட்டைக்குள்ளேயே புதைந்து மரத்தையும் வருத்தும். அறுவடை முடிந்ததும் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, மறு வருஷம் புதுக் கயிற்றால் கட்டுவதே முறை.

இனி ஏறுவதும் இறங்குவதும். யானையைக் குறித்து நாம் அஞ்சுகிற அச்சத்தில் காற்பங்கை ஏணியைக் குறித்து அஞ்சினால் எத்தனையோ கால் கைகள் முறியாமல் தப்பும். ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றி வைக்கின்ற அந்த ஒரு கணத்தில், பிடிக்க ஒன்றும் இல்லாமல் கை வெறுமையாகிவிடுகிறது; ஆதலால் ஏணி பரணுக்கு மேலும் 3 அடி நீண்டிருக்க வேண்டும். டார்ச்சு, தண்ணீர்ச் செம்பு, கம்பளி எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, ஏறி அமர்ந்தபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் மேலான ஒரு காப்பை, ராமநகரத்துப் பாறைகளில் ஏறிப் பழகும் பெங்களூர் இளைஞர்களிடம் கற்றுக்கொண்டேன். கட்டட வேலைக்காரர்கள் அணிகிற, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் சேப்டி பெல்ட்டை நகரத்துக் கடைகளில் வாங்கலாம். இடுப்பை மாத்திரம் சுற்றும் பெல்ட் உதவாது, விழுந்தால் அதுவே மூச்சை அடைக்கும். தலைக்கு மேலுள்ள உறுதியான கிளைக்கவட்டில் கட்டி அடி வரையில் தொங்கவிட்ட தடித்த கயிற்றில், மெல்லிய கயிற்று வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னி பெல்ட்டோடு மாட்டிக்கொண்டால், கையால் தள்ளும்போது அந்த முடிச்சு வழுகி நகரும். உடற்பாரம் திடீரென்று விழுந்தால் இறுகிப் பற்றிக்கொள்ளும். ஆஸ்திரியா தேசத்துக் கார்ல் புருசிக் 1931-இல் மலையேறுபவர்களுக்கு எழுதிக் காட்டிய முடிச்சு அது. தரையில் பலமுறை போட்டுப் பழகிய பிறகே அதை நம்பி மரமேற வேண்டும். கயிறு தொய்வில்லாமல் இருக்கட்டும்; தூக்கம் கண்ணைச் சுழற்றும் பின்னிரவிலும் அதைக் கழற்றலாகாது. தவறி விழுந்து பெல்ட்டிலேயே தொங்க நேர்ந்தால், கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிஷங்களில் மயக்கம் வரக்கூடும். காலை ஊன்றி எழும்ப ஒரு கயிற்று வளையத்தைப் பெல்ட்டிலேயே தயாராக வைத்திருப்பது அவசியம்.

வைக்கோல் பரப்பிய பரணில் பீடியும் தீயும் வேண்டவே வேண்டாம். இடி மின்னல் கூடுகிற அறிகுறி தெரிந்தால், ராகி போனாலும் போகட்டுமென்று இறங்கி வீட்டுக்குள் போய்விட வேண்டும். வேலியில் மின்கம்பத்துக் கரண்டை இழுத்து விடுகிற காரியம் யானையைக் கொல்வதோடு, விடியலில் கொல்லைக்கு வருகிற சொந்தப் பிள்ளையையும் கொல்லும். அது சட்ட விரோதம் என்பதற்கு முன்னே பெரும் பாதகம்.

விடிந்ததும் இறங்க அவசரப்படாதீர்கள். இரவில் விரட்டப்பட்ட யானை உண்ணிச்செடிப் புதரின் பின்னால் அசையாமல் நிற்பதுண்டு. பனி விலகி வரப்புகள் தெளிவாகத் தெரிகிற வரையில் காத்திருந்து, பக்கத்துப் பரண்காரருக்குக் குரல் கொடுத்து, அவர் தம் பக்கம் பார்த்துச் சொன்ன பிறகே முதற் படியில் காலை வைக்க வேண்டும்.