கொட்டியாரப்பற்றின் சாட்சிக் கற்கள்

இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் பாய்ந்து, திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு சங்கமிக்கின்றது. அதன் கிளையாகிய வெருகலாறு தெற்கே பிரிந்து செல்கின்றது. இந்நதிகளின் நீரால் வளம் பெற்ற நிலப்பரப்பே கொட்டியாரப்பற்று. மூதூர், சம்பூர், கிளிவெட்டி, கங்குவேலி, வெருகல் முதலிய பழம்பெரும் ஊர்கள் இப்பகுதியில் அமைந்துள்ளன.

இவ்வூர்களின் பழமையைக் கூற ஏடுகள் உண்டு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவற்றுள் ஒன்று. பெயரிற் கல்வெட்டு இருப்பினும் அது ஏட்டில் எழுதப்பட்ட நூலேயாகும். மகாவலிக் கரைத் தலத்தைத் திருக்கரைசைப் புராணம் போற்றுகின்றது. ஏடுகள் படியெடுக்கப்படும்போது சொற்கள் மாறலாம், வரிகள் கூடலாம். கல்லில் வெட்டிய எழுத்தோ வெட்டிய காலத்தின் சொல்லையே தாங்கி நிற்கும். ஆகவே ஒரு கோயிலின் உரிமைக்கும் பழமைக்கும் கல்வெட்டே முதன்மையான சாட்சி.

1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அக்கற்களுள் ஒன்று இன்றும் பிரட்றிக் கோட்டை வாயிலில் தமிழ் எழுத்தோடு நிற்கின்றது. அருகே பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலை இடித்தவர்களின் சுவரே கோயிலின் சாட்சியாயிற்று.

கங்குவேலிக் கல்வெட்டு கொட்டியாரப்பற்று மக்களுக்கு மிகவும் நெருக்கமானது. வன்னிபங்களும் அடப்பன்மாரும் கூடி, கங்குவேலியில் உள்ள வயல்நிலத்தைக் கோணநாயகருக்கு வழங்கிய செய்தியை அது கூறுகின்றது. குடாவிற்கு அப்பால் மலைமேல் இருந்த இறைவனுக்கு ஆற்றங்கரை வயல்கள் நெல் அளந்தன என்பது இதனால் விளங்கும். ஊர்த்தலைமை எவ்வாறு அமைந்திருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிற் கல்வெட்டு, ஆலய மதில் எவரெவருடைய உபயம் என்பதைக் குறிக்கின்றது. கயிலாய வன்னியனாரின் பெயர் அதில் உள்ளது. மன்னர் ஒருவரின் கட்டளையால் அன்றிப் பலரின் கைப்பொருளால் எழுந்த மதில் அது. இன்றைய திருப்பணி உபயகாரர் பட்டியலின் மூத்த வடிவம் என அதனைக் கூறலாம்.

பிற்காலத்தவர் நாட்டிய கல் ஒன்றும் மூதூரில் உண்டு. புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1659ஆம் ஆண்டின் இறுதியில் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660இல் அதன் தலைவர் றொபேட் நொக்ஸும், அதே பெயருடைய மகனும், வேறு மாலுமிகளும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தலைவர் பிடிபட்ட இடம் எனக் கூறப்படும் புளியமரத்தை மக்கள் வெள்ளைக்காரன் மரம் என்றழைத்தனர். அங்கு 1893இல் நாட்டப்பட்ட கல், கப்பற்றலைவர் நொக்ஸ் பிடிபட்டதையும் நொக்ஸ் 19 ஆண்டுகள் சிறையிருந்ததையும் ஒருசேரக் கூறுகின்றது. இதனை வாசிப்போர் இருவரையும் ஒருவராகவே கருதுவர். உண்மையில் தந்தை 1661இலேயே இறந்துவிட்டார். 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்து, 1681இல் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டவர் மகனே. நிகழ்ச்சிக்கு 233 ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட கல்லையும் ஆராய்ந்தே வாசிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2006ஆம் ஆண்டு யுத்தமும் இப்பகுதி மக்களைப் பெருந்துயரில் ஆழ்த்தின. பலர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். வீட்டு உறுதிகளும் பழைய ஏடுகளும் கைவிட்டுப் போன வேளையிலும் கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் யுத்தத்திற்குத் தப்பிய கல், திருப்பணியிற் தப்பாமற் போகக்கூடும். பழைய கல்லின்மேற் சீமெந்து பூசுதல், வர்ணம் தீட்டுதல், இயந்திரத்தால் தேய்த்தல், உடைத்து அத்திவாரத்தில் இடுதல் ஆகியன பக்தியோடு செய்யப்படினும் எழுத்தை அழித்துவிடும். அழிந்த எழுத்தை எந்தக் கும்பாபிஷேகமும் மீட்டுத் தராது.

எனவே பாலஸ்தாபனத்திற்கு முன்பே ஆலய பரிபாலன சபையினர் படிக்கட்டு, நிலை, கிணற்றடி, மடைப்பள்ளி என எல்லா இடங்களிலும் உள்ள பழங்கற்களைப் பார்வையிடுதல் வேண்டும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்துத் தெளிவாகத் தெரியும்; அவ்வேளையிற் புகைப்படம் எடுப்பது நன்று. எழுத்துள்ள கல்லைத் தூய நீரால் மட்டும் கழுவலாம். எண்ணெய், சுண்ணாம்பு, கம்பித் தூரிகை ஆகியன ஆகா. கல்லை அசைக்காமற் தொல்பொருள் திணைக்களத்திற்கும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் அறிவித்து, மைப்படி எடுப்பித்தல் வேண்டும். தொல்பொருட்களைச் சேதப்படுத்துவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். வாசிக்கப்பட்ட பாடத்தை ஆலய மலரில் அச்சிட்டு, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் சிறப்பு.

கோயிலுக்குக் கோபுரம் எழுப்புவது புண்ணியம். அக்கோயிலுக்கு முன்னோர் எழுதிவைத்த சாட்சியைக் காப்பதும் அதற்குக் குறையாத திருப்பணியே. கோணநாயகப் பெருமானின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.